ஈரச் சுவரின் மதிப்பு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். பதினோரு வருடமாக உன்னிடம் எதுவும் கேட்காதவன் இப்போது ஒரு விவரம் கேட்கிறேன். அண்ணன் தம்பியிடம் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடுகளுக்கு மதிப்புப் போடுவதைப் பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடம் வேறொருவர் கேட்பதாக வைத்துக்கொள். கட்டணம் உண்டென்றால் சொல், அனுப்பிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது வாடகைக்கு இருந்து வாங்கும் திட்டத்தில் கட்டிய கட்டடம். என்னைப் போன்றவர்களை மனதில் வைத்தே செய்த திட்டம் என்றார்கள். ஏழைகளுக்கான வீட்டுக்கு மனுப் போடச் சம்பளம் அதிகம்; சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டச் சம்பளம் குறைவு. அந்த நடுவில் தொங்குகிறவர்கள். ஆறு வருடம் வாடகைக்கு இருக்க வேண்டும். வெளியே உள்ள வாடகையைவிடச் சற்றுக் கூடுதல்தான். அதில் ஒரு பங்கை நிறுவனம் எங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கும். ஆறாம் வருட முடிவில் கட்டடத்தை மதிப்பிட்டு விலை சொல்வார்கள். ஒதுக்கிய பங்கு விலையில் கழியும். மீதியை மூன்று மாதத்துக்குள் கட்டினால் வீடு நம்முடையது. கட்டாவிட்டால் ஒதுக்கியதும் போயிற்று, வாங்கும் உரிமையும் போயிற்று.

வரும் ஆகஸ்டில் ஆறு வருடம் முடிகிறது. நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் புதர். இப்போது பின்தெருவில் ரயில் நிலையம் வந்துவிட்டது. விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று படிக்கட்டில் நின்று பேசாத ஆள் இல்லை. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவன் நான் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கேள்வி இதுதான்: மதிப்பு எதை வைத்து ஏறுகிறது, எதை வைத்து இறங்குகிறது?

இதை போனிலேயே கேட்டிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். உன் எண் உன் அண்ணியிடம் இருக்கிறது. நான் வாங்கிக்கொள்ளவில்லை. பதினோரு வருடத்துக்கு முன், நான் வாங்க இருந்த அந்த மூலை வீட்டைப் பார்க்கப் போன அன்று, என் மச்சான் முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு இது பெறாது"ன்னு நீ சொன்னாய் பார், அதோடு உன் குரலைக் கேட்ட திருப்தி எனக்கு வந்துவிட்டது. கடன் தருவதாக இருந்த மச்சான் அன்றைக்கே பின்வாங்கினார். அந்தத் தெருவில் இன்றைக்கு என்ன விலை என்று நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டணம் வேண்டாம். அவ்வளவு தூரம் போகவில்லை நாம்.

மதிப்பில் ஒரு பங்கு இடத்துக்கு, ஒரு பங்கு கட்டடத்துக்கு. ரயில் நிலையத்தை நீங்கள் தூக்கிக்கொண்டு போய் வேறு எங்கும் வைக்க முடியாது. அதனால் இடத்தை விட்டுவிடுங்கள். கட்டடத்தில் நாங்கள் பார்ப்பது ஈரம், துரு, விரிசல், லிஃப்ட், மாடிப்படி, மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி. பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் ஏறும். கெட்டால் இறங்கும். ஒரு குழாய் சொட்டினால் ராத்தூக்கம் போய்விடும் உங்களுக்கு. உங்களைப் போல ஒருவர் சங்கத் தலைவராக இருக்கும் கட்டடத்தில் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதைப் படித்துவிட்டுச் சுத்தியலைத் தூக்கிவிடாதீர்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. இப்போது நான் ஒரு வங்கியில், எல்லா ஊர்களிலிருந்தும் வரும் மதிப்பீட்டு அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். விலையை இறக்குவது எப்படி என்று நான் கைப்பட எழுதிய காகிதம் நாளைக்கு எங்கே யார் கையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. போன் செய்யுங்கள். பத்து நிமிடப் பேச்சு.

மூலை வீட்டுச் சுவரில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைத்தான் சொன்னேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

கேட்டது கிடைத்தது. நன்றி. போன் பேச்சுக்கு அவசியமில்லை. பொடி வைத்து எழுதுகிற பழக்கம் உனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. அந்தக் கல்லூரிக்கு உன்னை அனுப்பியது யார் சம்பளம் என்பதை நான் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இருபது வருடமாக நீதிமன்றத் தீர்ப்புகளை அச்சுக்கு முன்னால் படித்துத் திருத்துகிறவன் நான். ஓர் ஒப்பந்தத்தில் எந்த வரி யாரைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கட்டடத்தின் வெளிப்புறம், தொட்டி, குழாய், லிஃப்ட் எல்லாவற்றையும் நிறுவனம் பழுது பார்க்கும். ஆனால் குடியிருப்போர் புகார் கொடுத்தால்தான். அப்படியானால் புகார் கொடுக்காமல் இருப்பது எந்த விதியையும் மீறியதாகாது. அல்லவா?

போன ஞாயிறு மொட்டைமாடியில் எல்லா வீட்டாரையும் கூட்டினேன். எதையும் உடைக்கக் கூடாது, எதையும் சரிசெய்யவும் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். மேல்மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, "அப்ப இவ்வளவு நாளா புகார் குடுக்கறதுக்குச் சங்கம் வச்சிருந்தோம், இனிமே குடுக்காம இருக்கறதுக்கா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர் மட்டும், "சார், நீங்க படிச்சுப் பார்த்துட்டுத்தானே சொல்றீங்க?"ன்னார். படித்துப் பார்க்காமல் நான் எதையும் சொன்னதில்லை என்றேன்.

உன் அண்ணிக்கு இதில் சம்மதமில்லை. நம் வீட்டு விஷயம், உனக்கு வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

முந்தாநாள் அண்ணியின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது நீங்கள். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். மறுபடி இரண்டு முறை கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது.

ஒன்றே ஒன்று எழுதுகிறேன். விலையோடு கதை முடிவதில்லை. விலை சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்று யோசியுங்கள். இதற்கு மேல் எழுத மாட்டேன். கோபத்தை ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

நீ பயமுறுத்தியது ஒன்றும் நடக்கவில்லை. விலை சொல்லிவிட்டார்கள். நாங்கள் நினைத்ததற்கும் கீழே. உன் பத்து நிமிடப் பேச்சு இல்லாமலேதான்.

நடந்ததைச் சொல்கிறேன், உன் தொழிலுக்கு உதவும். மேலே தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஏப்ரலில் கெட்டது. யாரும் புகார் கொடுக்கவில்லை. தண்ணீர் வெளிச்சுவர் வழியாக வடிந்து எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் இறங்கியது. முதலில் ஒரு கை அகலம். பிறகு கட்டில் தலைமாடு முழுவதும். ஜூலையில் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. மாடிப்படி விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. லிஃப்ட் எப்போதாவது மனம் வந்தால் நிற்கும். நிறுவனத்தின் மேலாளர், எதற்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர், நாங்கள் தலையாட்டி என்போம், இவ்வளவு மாதமாக ஒரு புகாரும் வராததைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். அவருடைய கட்டடங்களிலேயே குடியிருப்போர் மிகவும் மனநிறைவோடு இருப்பது எங்களுடையது என்று மேலிடத்தில் பாராட்டு வாங்கியிருக்கிறார்.

மதிப்பிடும் ஆள் வரும் காலையில்தான் ஒரு சங்கடம். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், உன் அண்ணி கட்டில் மேல் ஏறி நின்று சுவரைச் சோப்பு நீரால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பீரோவை வேறு நகர்த்தி ஈரத்தை மறைத்திருந்தாள். அந்தப் பீரோவைத் தனியாக எப்படி நகர்த்தினாளோ. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஒரு வெளியாள் வர்ற வீட்ட இப்படிப் போட்டு வைக்க எனக்கு வெக்கமா இருக்கு"ன்னாள். நான் பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அவள் இறங்கிப் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாதமாக அவளுக்கு விடாத இருமல். வீடு நம் பெயருக்கு வந்த மறுநாளே கொத்தனாரை வரச்சொல்லி எல்லாச் சுவரையும் சுரண்டிப் பூசிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வந்தவர் இளைஞர். சுவரை ஒரு விரலால் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். அந்த நேரத்தில் உன் நினைவு வந்தது. வேறொன்றுமில்லை.

விலை வந்த அன்று மாலை மொட்டைமாடியில் சோடாவும் பிஸ்கட்டும். கண்ணாடிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார் ஒரு வரிய படிச்சு எங்க எல்லாருக்கும் வீடு வாங்கிக் குடுத்துட்டாரு"ன்னார். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அண்ணன்

அக்டோபர் 10

தம்பி,

போன் செய்தேன். உன் அலுவலகத்தில் நீ கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

வங்கியில் கடன் தர முடியாது என்கிறார்கள். அவர்கள் ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். கையில் சிறிய கருவி, சுவரில் வைத்தால் ஈரத்தின் அளவைக் காட்டும். அவர் எங்கள் வீட்டோடு நிற்காமல் தொட்டிக்கு அடியிலும் போய்ப் பார்த்திருக்கிறார். உத்தரத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறது, இந்த நிலையில் உள்ள கட்டடத்தை இருபது வருடக் கடனுக்கு ஈடாக வைக்க முடியாது என்று அறிக்கை. எனக்கு மட்டுமில்லை, எல்லா வீட்டுக்கும் அதே பதில். இரண்டு வேறு வங்கிகளுக்கும் போய்வந்தோம். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

தலையாட்டியிடம் ஓடினேன். பழுது பார்த்துக் கொடுங்கள், அதுவரை கெடுவை நீட்டுங்கள் என்றேன். ஒரு புகாரும் பதிவாகவில்லையே என்றார். இப்போது கொடுக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். முறைப்படி வேலை தொடங்க ஜனவரி ஆகுமாம். எங்கள் கெடு நவம்பர் கடைசி.

முதலில் கடன் மறுத்த வங்கி உன்னுடையதுதான். எல்லா அறிக்கையும் உன் மேசைக்கு வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். பார்க்கும்படி கேட்கிறேன். மறுபடி ஒரு முறை ஆள் அனுப்பினால் போதும். அதற்குள் எங்கள் செலவில் தொட்டியைச் சரிசெய்து, சுவரை உலர்த்தி வர்ணம் அடித்து வைக்கிறோம். ஈரம் காய்ந்துவிட்டது என்று ஒரு வரி. உன் அண்ணிக்காகவாவது செய்.

அண்ணன்

அக்டோபர் 19

அண்ணா,

நான் போனில் சொல்ல நினைத்தது இதுதான். வாங்குகிறவர் கையில் முழுப் பணமும் இருந்தால் கெட்ட வீடு லாபம். கடன் வாங்குகிறவருக்குக் கெட்ட வீடு வீடே இல்லை. நிறுவனத்தின் ஆள் பார்த்த அதே ஈரத்தைத்தான் வங்கியின் ஆளும் பார்ப்பார். ஒருவருக்கு அது விலைக் குறைப்பு, மற்றவருக்கு அது மறுப்பு. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அறிக்கை என் மேசைக்கு வந்தது. முகவரியைப் பார்த்ததும் தெரிந்தது. உறவினர் வீடு என்று மேலே எழுதி வேறொருவருக்கு அனுப்பிவிட்டேன். விதி அது. அவர் கையெழுத்துப் போட்டார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உத்தரத்தின் படத்தைப் பார்த்தேன். கம்பி வெளியே தெரிகிறது. வர்ணம் அடித்தால் அது உள்ளே போய்விடாது. அந்த உத்தரத்துக்குக் கீழேதான் நீங்கள் தூங்குகிறீர்கள்.

காய்ந்துவிட்டது என்று எழுதச் சொல்லி யாரிடமும் கேட்க என்னால் முடியாது. அண்ணியை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இருமலை அப்படியே விட வேண்டாம்.

தம்பி

அக்டோபர் 27

தம்பிக்கு,

வேறொருவருக்கு அனுப்பிவிட்டேன் என்று எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய். மூலை வீட்டை நீயே உன் கையால் தட்டிக் கெடுத்தாய். இந்த முறை அந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் இரண்டு வீடு வந்தது. இரண்டின் வாசலிலும் நீ நின்றிருக்கிறாய்.

எழுத முடியாத விஷயமாம். தொட்டியைக் கெடவிட்டால் கடன் கிடைக்காது என்று எழுதியிருந்தால் உன் வேலை போயிருக்குமா? உனக்குப் பயம் வேலையைப் பற்றி இல்லை. நான் இறங்கி வந்து உனக்கு போன் செய்ய வேண்டும், அது உனக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒரு வரியைப் பிடித்து வைத்துக்கொண்டாய்.

கணக்கு டீச்சர் இப்போது என்னைப் பார்த்தால் படிக்கட்டில் ஒதுங்கிப் போகிறார். கண்ணாடிக் கடைக்காரர் ஒதுங்குவதில்லை. நேற்று எல்லோர் முன்னாலும், "உங்க படிப்பு உங்களோட போயிருக்கலாம் சார், எங்களையும் சேர்த்துக் குழிக்குள்ள இழுத்திருக்க வேணாம்"ன்னார்.

இனி எழுதாதே.

அண்ணன்

டிசம்பர் 24

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணி இந்த மாத முதல் வாரத்தில் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு போனிலிருந்து. கெடு முடிந்துவிட்டது, ஜனவரிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். கணக்கு டீச்சர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராமே. நீங்கள் இரண்டு வாரமாக வேலைக்குப் போகாமல் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே என்றேன். அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரோட கோவத்துக்கும் சேர்த்து இத்தனை வருஷம் நான்தான் வாடகை கட்டினேன்பா. இனிமே என்னால முடியாது. நீ வாங்கு."

நிறுவனம் குடியிருப்போர் எடுக்காத வீடுகளை இருக்கிற நிலையிலேயே, முழுப் பணத்துக்கு, வெளியாருக்கு விற்கிறது. உங்களுக்குச் சொன்ன விலைதான். என்னிடம் சேமிப்பு இருந்தது, மனைவியின் நகையும் சேர்ந்தது. உங்கள் வீட்டை என் பெயரில் வாங்கிவிட்டேன். என் மேசைக்கு வந்த வீடு என்பதால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் செய்தேன். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். கெட்ட வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கத்தான் இவன் ஆரம்பத்திலிருந்தே வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று. நினைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன சொன்னாலும் அதைத்தான் நினைப்பீர்கள்.

நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். வாடகை எதுவும் எனக்கு வேண்டியதில்லை. சும்மா இருக்க நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்று அண்ணி சொன்னதால் ஒரு ஏற்பாடு எழுதுகிறேன். பழைய வாடகையையே கொடுங்கள். அதில் பாதியை உங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கிறேன். எப்போது முடிகிறதோ அப்போது நான் வாங்கிய விலைக்கே வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கெடு கிடையாது.

தம்பி

ஜனவரி 4

வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 24ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. தாங்கள் வாங்கியிருக்கும் வீட்டில் வாடகைக்குத் தொடர எங்களுக்குச் சம்மதம். என் மனைவி ஏற்கெனவே தங்களிடம் சம்மதம் சொல்லிவிட்டதாக அறிகிறேன். வீட்டில் அவர் சம்மதமே போதுமானது என்பதை இப்போது கற்றுக்கொண்டு வருகிறேன்.

வாடகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் தங்கள் கணக்கில் சேரும். தாமதம் இருக்காது. பதினோரு வருடமாகத் தாங்கள் என்னைப் பற்றி என்ன மதிப்புப் போட்டிருந்தாலும், வாடகை பாக்கி வைத்தவன் என்று யாரும் சொன்னதில்லை.

படுக்கையறைச் சுவரில் ஈரம் இருக்கிறது. மேல்தொட்டியும் உத்தரமும் பழுதாகியிருக்கின்றன. என் மனைவிக்கு நெஞ்சுச் சளி என்று மருத்துவர் கூறியிருப்பதால் நாங்கள் தற்போது கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். வாடகைதாரர் என்ற முறையில் இதை என் முதல் புகாராகப் பதிவு செய்துகொண்டு, விரைவில் பழுது பார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொத்தனார் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் பீரோவை நகர்த்தி வைக்கிறேன்.

வாடகையில் பாதியை என் பெயரில் ஒதுக்கி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. ஒதுக்கி வைத்ததை இன்னொரு முறை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் தெம்பு இல்லை. முழுவதையும் வாடகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாடகைதாரர்